முன்னிடது அப்பாவு

பேராக்கில், ஈப்போவுக்கு வடக்கே சிம்மோர் பக்கத்தில் ஏழாங்கட்டைத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து அப்பாவு வீடு எது என்று கேட்டால், எந்த அப்பாவு என்று திருப்பிக் கேட்பார்கள். முன்னிடது அப்பாவு என்று சொன்னால்தான் கையை நீட்டிக் காட்டுவார்கள். டத்தோ பட்டம், டான்ஸ்ரீ பட்டமெல்லாம் யாரோ கொடுத்து வருவது. இது அவர் தன் தோளால் சம்பாதித்தது.

விஷயம் எளியது. சாவு வீட்டில் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். முன்னால் இருவர், பின்னால் இருவர். நால்வரும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்தால் போகிறவர் நிம்மதியாகப் போவார். இல்லாவிட்டால் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போவார். அப்பாவு சின்ன வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து நின்றவர். அப்போது குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு மழைநாள் சாவுக்கு ஆள் போதாமல், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அவரை இழுத்து முன்னால் இடது மூலையில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்த மூலை அவருடையது. தேர்தலில் ஜெயித்தவர்கள்கூட ஒரே இடத்தில் இவ்வளவு காலம் நின்றதில்லை.

பிறகு தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களுக்கு ஓரமாக நான்கு வரிசை மலிவு வீடுகளைக் கொடுத்தார்கள். லயம் போயிற்றே என்று இங்கே யாரும் கண்ணீர் வடிப்பதில்லை. அதன் கூரை எங்கெங்கே ஒழுகியது என்பது எல்லாருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார், காளியம்மாவைக் கட்டினார், தனேஷ் என்று ஒரே ஒரு மகனைப் பெற்றார். நடுவில் யார் செத்தாலும் லாரிச் சாவியை முதலாளி மேசைமேல் வைத்துவிட்டு வந்து தன் மூலையில் நின்றார். சீன முதலாளி முதலில் கத்திப் பார்த்தார். அவருடைய தகப்பனார் இறந்தபோது அப்பாவு அங்கேயும் போய்த் தோளைக் கொடுக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கத்துவதை விட்டுவிட்டார்.

சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்த உடனே போய் நிற்க வேண்டும். நீ ஒருவன் வீட்டில் தூக்கினால் அவன் வீட்டார் உன் வீட்டில் தூக்குவார்கள். தோட்டத்து வழக்கம் அவ்வளவுதான். பெற்ற பிள்ளை இருக்கிறானே, அவன் தூக்க மாட்டானா என்று கேட்கலாம். அவனால் முடியாது. கொள்ளிச் சட்டியை ஏந்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டியவன் அவன். கையில் நெருப்பை வைத்துக்கொண்டு தோளில் எதைத் தூக்குவது? ஆகவே ஒற்றைப் பிள்ளை பெற்றவனுக்குத் தூக்குகிற ஆள் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அப்பாவு இதைப் பற்றி வாழ்நாளில் கவலைப்பட்டதே இல்லை. தாமானில் அவர் தூக்காத வீடு கிடையாது.

போன வருடம் காளியம்மா இறந்தபோதுதான் அவருக்குக் கண் திறந்தது.

கூட்டத்துக்குக் குறைவில்லை. நாற்காலி போதவில்லை. ஆனால் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நிற்கவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவரோடு எப்போதும் முன் வலதில் நிற்கும் கனகராஜ், மகளோடு கிள்ளானுக்குக் குடிபோய்விட்டார். பின் வலது ஐயாவு முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். பின் இடது அர்ச்சுனனுக்கு முதுகில் ஆபரேஷன், ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் சிலாங்கூரில் இருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்தார்கள். கைப்பேசியில் இருந்தார்கள். சட்டி தனேஷ் கையில் இருந்தது. கடைசியில் வேன் ஓட்டி வந்தவர் ஒரு மூலை, காளியம்மாவின் தங்கை மகன் ஒரு மூலை, எதிர்த்த பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன் ஒரு மூலை என்று மூன்று பேர் கிடைத்தார்கள்.

நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. கட்டிய மனைவியைப் புருஷன் தூக்குவது அங்கே முறையில்லை. அப்பாவு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் மூலையில் குனிந்தார். யாரும் தடுக்கவில்லை.

காளியம்மா கையால் இரண்டு மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்த அந்த வங்காளதேசத்துப் பையன், சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதான். அப்பாவு அழவில்லை. அவருக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இவளுக்கு நான் இருந்தேன், எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம். கருமாதி முடிந்தும் அது போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கூடவே உட்கார்ந்தது.

தனேஷுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா இளைத்துப்போனதைப் பார்த்து, சமையல்தான் குறை என்று முடிவு கட்டினான்.

"தனியா என்னாப்பா பண்ணப் போறீங்க இங்க? பூச்சோங்குக்கு வந்துருங்க. சுபாவும் அதான் சொல்றா."

"அங்க வந்து நான் என்னா பண்ணப் போறேன்?"

"இங்க பண்றத அங்க பண்ணுங்க."

அப்பாவு இங்கே பண்ணுவது இதுதான்: காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு சிம்மோர் பாசாருக்குப் போவார். சீனன் கடையில் உட்காருவார். அவர் வாய் திறப்பதற்கு முன் கறுப்புக் காப்பி வரும். சுண்ணாம்பு மலை மேலே மேகம் இறங்கி ஏறும்வரை குடிப்பார். வீட்டுக்கு வந்து அர்ச்சுனனோடு சண்டை போடுவார். சாயங்காலம் சமாதானமாவார். இதைப் பூச்சோங்கில் எப்படிப் பண்ணுவது என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்று பையைக் கட்டினார். கனகராஜ் அங்கே பக்கத்தில்தான் இருக்கிறான் என்ற யோசனையும் ஓடியது. கேட்டவர்களிடம் பேரனைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தனேஷுக்கு இன்னும் பிள்ளை இல்லை என்பது தாமானுக்கே தெரியும். ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சிலாங்கூரில், பூச்சோங்கில் மகன் வீடு பதினாலாவது மாடியில் இருந்தது. போன அன்றே சம்பந்தி வந்துவிட்டார். மருமகள் சுபாஷினியின் தகப்பனார் பஞ்சலிங்கம். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்கச் சேவையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதே கட்டடத்தில் ஐந்து மாடி மேலே இருப்பவர். நல்ல மனிதர். ஒரே ஒரு வியாதி உண்டு: எந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. இரண்டு தேநீர்க் கோப்பையைக் கொடுத்தால்கூட எது சூடு என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"இஞ்ச பாருங்கோ சம்பந்தி. பேராக்கையும் சிலாங்கூரையும் பக்கத்துல வச்சுப் பாப்பம். ஆஸ்பத்திரி. இஞ்ச பத்து நிமிசம்."

"அங்க அரை மணி நேரம்."

"ஓம். ரயில். இஞ்ச படி இறங்கினாப் போதும்."

"அங்க பஸ்ஸே ஒழுங்கா வராது."

"பாத்தீங்களோ! கடை, பேங்க், கோயில், எல்லாம் ஒரே இடத்துல. பிறகு என்ன யோசனை?"

"தண்ணி நல்லாயில்லயே," என்றார் அப்பாவு. ஈப்போக்காரர்கள் எல்லாருக்கும் கடைசியில் மிஞ்சுவது தண்ணீர்தான். காப்பி ருசிப்பதும் தண்ணீரால், கோழி மிருதுவாக இருப்பதும் தண்ணீரால், முளைப்பயிறு தடிப்பாக இருப்பதும் தண்ணீரால் என்று அவர்கள் சாதிப்பார்கள்.

"தண்ணிக்கு பில்டர் இருக்குது," என்றார் பஞ்சலிங்கம். விவாதம் முடிந்தது.

நியாயமாகப் பார்த்தால் சம்பந்தி சொன்னது அத்தனையும் உண்மை. அப்பாவுவின் முழங்காலைச் சுபாஷினி மூன்றாம் நாளே நல்ல டாக்டரிடம் காட்டினாள். ஈப்போவில் இருந்திருந்தால் தைலத்தோடு நின்றிருக்கும். வீட்டில் வெயில் தெரியாது. மருமகள் முகம் கோணாமல் சோறு போட்டாள். கனகராஜையும் ஒருநாள் போய்ப் பார்த்தார். அவர் சர்க்கரை வியாதியில் ஒரு கால் விரல்களை இழந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். இருவரும் டிவி பார்த்தார்கள். முன் வலது இனி இல்லை என்று தெரிந்துகொண்டு அப்பாவு திரும்பி வந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் மகனிடம் கேட்டார்.

"இந்தக் கட்டடத்துல யாராச்சும் செத்தா எப்புடிலா தெரியும்?"

"வாட்ஸ்அப்புல போடுவாங்கப்பா."

"போட்டா?"

"போட்டா... கும்பிடுற மாதிரி படம் போடுவோம்."

"அப்புறம்?"

தனேஷ் யோசித்தான். அப்புறம் ஒன்றும் இல்லை. சுபாஷினி பேச்சை மாற்றி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். மாதம் முடிந்ததும் போய்விட வேண்டும் என்று அப்பாவு அன்றே தீர்மானித்தார். அங்கே தூக்க ஆள் இல்லை, இங்கேயும் இல்லை. ஆள் இல்லாத இடம்தான் என்றால் காப்பியாவது நன்றாக இருக்கட்டும்.

மறு வாரம் ஒரு வேலை நாள் காலையில் அவர் கீழே நடக்கப் போகும்போது, நுழைவாயிலில் சவ வண்டி ஒன்று நிற்பதைப் பார்த்தார். காவலுக்கு நிற்கும் ஜாகாவைக் கேட்டார். ஒன்பதாவது மாடி, தமிழ் அம்மா ஒருத்தர், முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இறந்தவரை இங்கே கொண்டுவந்தார்கள், இன்றைக்கே எடுக்கிறார்கள் என்றார் ஜாகா. அப்பாவுவுக்குச் சுருக்கென்றது. ஐந்து மாடிக்குக் கீழே ஒரு சாவு கிடக்கிறது, மேலே தான் தோசை தின்றுகொண்டிருந்திருக்கிறார்! நடையை விட்டுவிட்டு நேரே லிஃப்டில் ஏறி ஒன்பதை அழுத்தினார்.

வாசலில் நான்கைந்து ஜோடிச் செருப்புதான் கிடந்தது. உள்ளே இறந்தவரின் மகள் சரளா, பள்ளிக்கூட உடையோடு ஒரு பேத்தி, ஒரு பண்டாரம், அடக்கச் சேவைக்காரர்கள் இரண்டு பேர். சரளா கணவனைப் பிரிந்து இருப்பவள். அம்மாவுக்கு ஆண் பிள்ளை இல்லாத குறைக்குச் சட்டியைத் தானே எடுப்பதாக இருந்தாள். அப்பாவு அறிமுகம் செய்துகொள்ளவில்லை. சாவு வீட்டில் அது வழக்கமில்லை. தலைமாட்டில் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார், நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார், பிறகு சேவைக்காரரிடம் கேட்டார்.

"தூக்குறதுக்கு யாரு?"

"நாங்க ரெண்டு பேரு இருக்கோம் அங்கிள். லிஃப்ட் சின்னது. பெட்டியச் சாய்ச்சு நிக்க வச்சு, ட்ரோலியில கட்டிக் கொண்டு போயிருவோம். எல்லா கொண்டோவுலயும் அப்படித்தான்."

"நிக்க வச்சா?"

"ரெண்டே நிமிசம் அங்கிள்."

அப்பாவுவுக்கு வந்தது கோபம். "கெடத்துன பொம்பளைய நிக்க வைக்கிறதா? எங்க தோட்டத்துல நாய் செத்தாக்கூட நிக்க வைக்க மாட்டோம்லா! படியில கொண்டு போலாம். ஆள் நான் கொண்டு வாரேன்."

சரளா அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். யார் இந்த நெட்டை மனிதர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்காக ஒருவர் கோபப்படுவதை அவள் அன்றைக்கு அப்போதுதான் பார்க்கிறாள். "சரிங்கண்ணே," என்றாள்.

ஆள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு இந்தக் கட்டடத்தில் தெரிந்தது ஜாகாவைத்தான். மகன் வீட்டுக்கு ஓடினார். தனேஷ் அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சிலுவார், கணினியில் கூட்டம். சுபாஷினி அன்றைக்கு விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். மாமா மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டு, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டாள்: ஒன்பதாவது மாடி அம்மாவைத் தூக்க ஆள் வேண்டும், இப்போதே.

கைகூப்பும் படங்கள் மளமளவென்று வந்தன. கையோடு வந்தவர்கள் ஆறு பேர். கிழிந்த சட்டையோடு ஒருவன், அப்போதுதான் இரவு வேலை முடித்து வந்தவன் ஒருவன், சாப்பாடு விநியோகிக்கும் மோட்டார்க்காரன் ஒருவன். வந்தவர்கள் அழைப்பு மணி அடிக்கவில்லை, துக்கம் விசாரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த நிற்கிற தோரணையைப் பார்த்ததுமே அப்பாவுவுக்குச் சந்தேகம் வந்தது.

"எந்த ஊருலா நீ?"

"ஆயர் தாவார் அங்கிள். சுரேன்."

"நீ?"

"கமுந்திங்."

"கோலா கங்சார், அங்கிள். இவனும் நம்ம பேராக்குதான்."

ஆறு பேரில் ஐந்து பேர் பேராக்கு. காளியம்மாவைத் தூக்க ஏழாங்கட்டையில் தேடியபோது ஒரு தோளும் இல்லை. அத்தனை தோளும் இங்கே வந்து ஆளுக்கொரு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

முன் இடதில் அவர் நின்றார். முன் வலதுக்கு அவர் உயரத்தில் ஒருவரும் பொருந்தவில்லை. ஆளை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது தனேஷ் வந்தான். இஸ்திரிச் சட்டைக்குக் கீழே அவசரத்துக்குச் சுற்றிய சாரம்.

"மீட்டிங் என்னாச்சு?"

"நெட் இல்லன்னு சொல்லிட்டேன்பா," என்றவன், வலது மூலையில் குனிந்தான்.

கொள்ளிச் சட்டியைக் கீழே போய்த்தான் பற்றவைக்க வேண்டும் என்று ஜாகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புகை மணி அடித்தால் கட்டடம் முழுவதும் இறங்கி வாசலில் வந்து நிற்கும் என்றார். கூட்டம் சேர்க்க அதுவும் நல்ல வழிதான், ஆனால் சரளா ஒத்துக்கொண்டு வெறும் சட்டியோடு முன்னால் நடந்தாள். பெட்டி வாசலைத் தாண்டியது. அதுவரை எல்லாம் அப்பாவு சொன்னபடியே நடந்தது.

முதல் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது.

படிக்கட்டின் திருப்பம் அரிசி மூட்டை திரும்பக் கட்டியது. ஆறடிப் பெட்டி திரும்ப அல்ல. கால்பக்கம் சுவரில் முட்டியது, தலைப்பக்கம் கைப்பிடியில் மாட்டியது. இந்தப் பக்கம் தள்ளினார்கள், அந்தப் பக்கம் இழுத்தார்கள். அடக்கச் சேவைக்காரர் மேலே இருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

"திரும்பி மேல போயி லிஃப்டுல..." என்று சுரேன் ஆரம்பித்தான்.

"எடுத்த பெட்டி வீட்டுக்குத் திரும்பக்கூடாதுலா," என்றார் அப்பாவு. அதுவும் வழக்கம்தான்.

திரும்பக்கூடாது, நிற்க வைக்கக்கூடாது. இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் எட்டு பேர் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் அப்பாவுவைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "தாயி, மன்னிச்சுக்க," என்றார். பிறகு, "நிக்க வைங்கடா," என்றார்.

நிற்க வைத்தார்கள். பெட்டி அழகாகத் திரும்பியது. படுக்க வைத்துத் தூக்கினார்கள். அடுத்த திருப்பம் வந்தது. லிஃப்டில் போயிருந்தால் அந்த அம்மா ஒரே தடவைதான் நின்றிருப்பார். இப்போது தரைவரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் எழுந்து நின்று, திரும்பி, மறுபடி படுத்துக்கொண்டு வந்தார். உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு உடற்பயிற்சி செய்திருக்க மாட்டார். நாலாவது மாடியில், செய்தி பார்த்து லிஃப்டில் இறங்கி வந்த பஞ்சலிங்கம் சேர்ந்துகொண்டார். தூக்க முடியாததால் குடையை மட்டும் பிடித்துக்கொண்டார். படிக்கட்டுக்குள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இருந்தாலும் வெறுங்கையோடு வர அவருக்கு மனம் வரவில்லை.

அப்பாவுவுக்கு முழங்கால் கழன்றுவிடும்போல வலித்தது. அவமானம் அதைவிட வலித்தது. சரளா திட்டியிருந்தால் தேவலை. அவள் ஒவ்வொரு திருப்பத்திலும், "மெல்லண்ணே, மெல்ல," என்று மட்டும் சொன்னாள்.

கார் நிறுத்துமிடத்துச் சமதரையை மிதித்தபோதுதான் அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். சரளாவின் கையில் சட்டி புகைய ஆரம்பித்திருந்தது. வண்டிவரைக்கும் நேரான பாதை. தனேஷின் தோளும் தன் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. பெட்டி மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. கணினி தட்டுகிற பையன், இதுவரை ஒரு சாவிலும் நிற்காதவன், அடியை அப்பாவின் அடியோடு சேர்த்து வைத்து நடந்துகொண்டிருந்தான். அப்பாவுவுக்குப் பெருமையாக இருந்தது. உடனே பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இந்தத் தோள் ஊரில் எல்லாருக்கும் ஆகும். எனக்கு மட்டும் ஆகாது. என் முறை வரும்போது இவன் கையில் சட்டி இருக்கும். காளியம்மா போன அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. வியர்வையோடு போனதால் யாரும் கவனிக்கவில்லை.

மின்சுடலையில் எல்லாம் முடிந்து, சரளாவை வீட்டில் விட்டுவிட்டு, எல்லாரும் குளித்துவிட்டு வந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்தார்கள். அவரவர் தோளைத் தடவிக்கொண்டார்கள். அந்தப் படிக்கட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகள். சுரேன்தான் கிளாஸைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"தனேஷ் அண்ணே, எங்கப்பா ஆயர் தாவார்ல தனியா இருக்காரு. நாளைக்கு ஒண்ணுன்னா, சட்டி நான் எடுக்கணும். அங்க தூக்க ஆள் இல்லண்ணே. சூசாதான், ரொம்பக் கஷ்டம். நீங்க வருவீங்களா?"

"வாரேன்டா," என்றான் தனேஷ். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஒரு போன் போடு. காடி எடுத்துக்கிட்டு எல்லாரும் வந்துருவோம்."

"அப்ப சிம்மோருக்கும் நாங்க வருவோம்ணே," என்றான் கமுந்திங் பையன். சொன்ன பிறகுதான் அப்பாவு எதிரே உட்கார்ந்திருப்பது அவனுக்கு உறைத்தது. "இப்ப இல்ல அங்கிள். ரொம்ப நாள் கழிச்சு."

"பரவால்ல தம்பி," என்றார் அப்பாவு. அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. இரண்டு ரொட்டிச் சானாய் சொன்னார்.

பஞ்சலிங்கம் அவர் காதருகே குனிந்தார். "சம்பந்தி, ஒண்டு கேக்கிறன். எனக்கும் இந்தப் பொடியள் வருவினமோ?"

"நீங்க மொதல்ல ஒருத்தருக்குப் போங்க சம்பந்தி. இன்னிக்குக் கொடை பிடிச்சீங்கல்ல, அதுல கொஞ்சம் சேந்துருச்சு."

மாதம் முடிந்ததும் அப்பாவு பையைக் கட்டினார். சம்பந்திக்கு இது கொஞ்சமும் புரியவில்லை. ஆஸ்பத்திரி, ரயில், கோயில் எல்லாவற்றிலும் சிலாங்கூர் ஜெயித்துவிட்டது, இப்போது தூக்க ஆளும் இங்கேதான் இருக்கிறது, பிறகு எதற்குப் போவது என்று லிஃப்ட் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீங்க சொல்றது சரிதான் சம்பந்தி. சாவுறதுக்கு இங்கதான் செனாங், சுலபம்," என்றார் அப்பாவு. "அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்குல. அது வரைக்கும் ஈப்போவுல இருந்துக்கிறேன்."

ஏழாங்கட்டைக்கு வந்து சேர்ந்ததும் அர்ச்சுனன் முதுகுப் பட்டையோடு வாசலுக்கு வந்தார். எந்த ஊர் தேவலை என்று அவரும் கேட்டார். அங்கே லிஃப்ட் சின்னது என்று மட்டும் அப்பாவு சொன்னார். மறுநாள் காலையில் வாய் திறக்காமலே கறுப்புக் காப்பி வந்தது.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், சீனன் கடையில் அவர் உட்கார்ந்திருந்தபோது தனேஷ் கூப்பிட்டான். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது.

"அப்பா, இங்க பன்னெண்டாவது மாடியில ஒரு தாத்தா தவறிட்டாரு. லீவு போட்டுட்டேன். சுரேன்லாம் வந்துட்டான். சுபாவோட அப்பாகூட வந்துட்டாரு, கொடையோட."

"எந்த மூலையில நிக்கிற?"

"முன்னால, இடது பக்கம். நீங்க நின்ன எடம்தான்."

அப்பாவு கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு மலையைப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தது. மகனைப் பெற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அவன் பிறந்த அன்றைக்குத்தான்.

"கேக்குதாப்பா? எப்புடிக் கொண்டு போறதுன்னு எல்லாரும் என்னையக் கேக்குறாங்க."

"லிஃப்டுலயே கொண்டு போங்கடா," என்றார் அப்பாவு.